மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை: தற்காலிக ஆசிரியர் என்ன செய்யலாம்?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் காலியாக இருந்த கணிதப் பட்டதாரி ஆசிரியர் இடத்தில், பள்ளி மேலாண்மைக் குழு மூலம் என்னைத் தற்காலிகமாக நியமித்தார்கள். எம்.எஸ்சி., பி.எட். முடித்து ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியிருக்கிறேன். மாதம் 15,000 ரூபாய் என்றார்கள். மூன்று மாதமாக அதுவும் வரவில்லை. தலைமையாசிரியரைக் கேட்டால், "நிதி வரலையம்மா" என்கிறார். பத்தாம் வகுப்பும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. பாக்கியை எப்படி வாங்குவது? நிரந்தர ஆசிரியருக்கு இணையான சம்பளம் கேட்க முடியுமா? தொடர்ந்து வேலை பார்த்தால் பணி நிரந்தரம் ஆகுமா?
– வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தலைமையாசிரியர் சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். உங்கள் சம்பளத்துக்கென்று பள்ளியில் தனிப் பணம் கிடையாது. மேலிருந்து ஒதுக்கீடு வந்தால்தான் அவரால் கொடுக்க முடியும். அதனால் அவரோடு மனத்தாங்கல் வேண்டாம். ஆனால் வாய்வார்த்தையாகக் கேட்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். வாயால் நூறு முறை கேட்டாலும், கேட்டதற்குச் சாட்சி இருக்காது.

பணியில் சேர்ந்த தேதி, எந்தெந்த மாதச் சம்பளம் பாக்கி, மொத்தம் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் மனு எழுதித் தலைமையாசிரியரிடமும் மேலாண்மைக் குழுத் தலைவரிடமும் கொடுங்கள். இன்னொரு பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தேதியோடு கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்குங்கள். தயங்கினால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே மனுவின் நகலை மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கும் அனுப்பிவிட்டு, முதல்வரின் உதவி மைய எண்ணான 1100-இல் புகாரைப் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 கைகொடுக்கும். முதன்மைக் கல்வி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதும் மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். பலர் சறுக்குவது கேள்வி கேட்கும் விதத்தில்தான். 'ஏன் சம்பளம் தரவில்லை?' என்று கேட்காதீர்கள். காரணம் விளக்க அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்லர், ஆவணம் தரக் கடமைப்பட்டவர்கள். 'இன்ன பள்ளியின் தற்காலிக ஆசிரியர் ஊதியத்துக்கு இந்தக் கல்வியாண்டில் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு, விடுவிக்கப்பட்ட தேதி எது, ஆணையின் நகல் தருக' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம். எந்த மேசையில் கோப்பு தூங்குகிறது என்பது அந்தத் தேதிகளிலேயே தெரிந்துவிடும். நிதி விடுவிக்கப்பட்ட பிறகும் கைக்கு வரவில்லை என்றால், நீங்கள் பேச வேண்டிய இடமே மாறிவிடுகிறது.

அடுத்து, சம ஊதியம். இந்த நியமனங்கள் 2022-இல் தொடங்கியபோது பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய்தான். பிறகு 15,000 ஆனது. அதே பணியிடத்தில் நிரந்தரமாகச் சேர்பவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 36,400 ரூபாய், அகவிலைப்படி தனி. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளை நம்பி ஒப்படைத்துவிட்டு, சம்பளத்தில் பாதியைக்கூடத் தராமல் இருப்பது அநியாயம். அந்தச் சொற்பத் தொகையையும் மாதக்கணக்கில் நிறுத்திவைப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

சட்டத்தில் உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. பஞ்சாப் அரசு எதிர் ஜக்ஜித் சிங் வழக்கில், 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், நிரந்தர ஊழியர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிக ஊழியருக்கு அந்தப் பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகை உண்டு என்றது. குறைந்த கூலிக்கு யாரும் மனமுவந்து வருவதில்லை, குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டி மானத்தை விட்டுக்கொடுத்து வருகிறார்கள் என்ற பொருளிலும் அத்தீர்ப்பு பேசுகிறது. ஆனால் 'அதே வேலைதான்' என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கேட்ட உடனே கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு (அரசுக்கு உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போட்டுத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

ஆகவே இப்போதிருந்தே ஆதாரம் சேருங்கள். நியமன ஆணையும் மேலாண்மைக் குழுத் தீர்மான நகலும் முதலில் கையில் இருக்கட்டும். உங்கள் பெயரும் பாடவேளைகளும் உள்ள, தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கால அட்டவணை மிக முக்கியம். நிரந்தர ஆசிரியருக்கு எத்தனை பாடவேளை, உங்களுக்கு எத்தனை என்பது அந்த ஒரு தாளிலேயே தெரியும். சில பள்ளிகளில் தற்காலிக ஆசிரியர்கள் தனி நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். உங்கள் பள்ளியிலும் அப்படித்தான் என்றால், மாதக் கடைசியில் தலைமையாசிரியரின் மேலொப்பம் வாங்கி ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்காத தொகைக்கு எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்குச் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

பணி நிரந்தரம் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: இந்த வழியில் அதை நம்பியிருக்காதீர்கள். முறையான தேர்வு இல்லாமல் வந்த தற்காலிகப் பணி, நிரந்தரம் கேட்கும் உரிமையைத் தராது என்று 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. விதிவிலக்காகச் சிலருக்குப் பின்னாளில் நிவாரணம் கிடைத்தது. அவர்கள் நீண்ட காலம் பணியாற்றியவர்கள். உங்களுக்கு வழி ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வுதான். தகுதித் தேர்வில் தேறியிருக்கிறீர்கள், அந்தச் சான்றிதழும் ஆயுள் முழுக்கச் செல்லும். சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பையும் உங்கள் தலையில் கட்டினால், படிக்க நேரம் வேண்டும் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

இடமாறுதலில் நிரந்தர ஆசிரியர் ஒருவர் வந்துவிட்டால் உங்களை அன்றே விடுவித்துவிடக்கூடும். விடுவிப்பு ஆணை, பணி அனுபவச் சான்று, பாக்கி எவ்வளவு என்று குறிப்பிட்ட கடிதம் மூன்றையும் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிய பிறகே பள்ளியை விட்டுக் கிளம்புங்கள்.