அப்பாவின் வயிற்றைத் திறக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது, வயிற்றுப் பெருந்தமனியில் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகும் பெரிய குழாயில்) 5.7 செ.மீ. வீக்கம் இருப்பது தெரியவந்தது. தொடை வழியாக ஸ்டென்ட் வைக்கலாம், வயிற்றைத் திறந்தும் செய்யலாம் என்கிறார் டாக்டர். “கிழிக்காமல் முடியும்போது எதற்கு யோசனை?” என்கிறார் அப்பா. நாங்கள் என்ன செய்வது?
- வாசகி, ஜூரோங் வெஸ்ட், சிங்கப்பூர்

பதில்: இந்த வீக்கம் பெரிதானால் வெடிக்கும் ஆபத்து உண்டு. ஆண்களுக்கு 5.5 செ.மீ.யைத் தாண்டினால் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதனால் டாக்டர் அவசரப்படுத்துவதாக எண்ண வேண்டாம்.

ஸ்டென்ட் முறையில் தொடை இடுக்கிலுள்ள ரத்தக்குழாய் வழியே, கம்பிச் சட்டம் வைத்த துணிக்குழாயைச் சுருக்கி மேலே செலுத்தி, வீங்கிய இடத்தில் விரிய விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். திறந்த அறுவையில் பெருந்தமனியைக் கவ்வியால் பிடித்து, ரத்த ஓட்டத்தை நிறுத்தி, செயற்கைக் குழாயைக் கையாலேயே தைக்கிறார்கள். மருத்துவமனையில் ஒரு வாரமோ கூடுதலோ ஆகும், பழைய தெம்பு வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். பிற்பாடு தழும்பில் குடலிறக்கமும் வரலாம்.

இவ்வளவோடு நின்றால் அப்பா சொல்வதுதான் சரி. ஆனால் இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு, பிரிட்டனில் 1999இல் தொடங்கிய ஈவார்-1 ஆய்வைப் பாருங்கள். முதல் 30 நாளில் இறந்தவர்கள் ஸ்டென்ட் வைத்தவர்களில் 100க்கு 2 பேர்கூட இல்லை. திறந்த அறுவையில் ஏறக்குறைய 5 பேர். 8 ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. ஸ்டென்ட் வைத்தவர்களிடம் இறப்பு கூடியது, பழைய வீக்கம் வெடித்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். குழாயின் ஓரத்திலோ கிளை நாளங்கள் வழியாகவோ ரத்தம் கசிந்து அந்த வீக்கம் மறுபடி பெரிதாகக்கூடும். வலி இருக்காது, ஸ்கேனில்தான் தெரியும். அதனால் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் ஸ்கேன் எடுத்தாக வேண்டும்.

பலதுறை மருந்தகத்தில் ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்த தேதியையே தள்ளிப்போடுகிறவரா உங்கள் அப்பா? அப்படியானால் ஸ்டென்ட் எனக்குக் கவலை தருகிறது. இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்கும் 66 வயதுக்காரருக்கு, திறந்த அறுவையை நான் ஒதுக்கவே மாட்டேன். 80 வயதோ, பலவீனமான இதயமோ என்றால் தயங்காமல் ஸ்டென்ட் என்பேன்.

டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: சிறுநீரக நாளங்களுக்குக் கீழே ஸ்டென்ட் இறுக்கிப் பிடிக்கப் போதிய நீளத்துக்கு நல்ல தமனி இருக்கிறதா? இல்லையென்றால் சாதாரண ஸ்டென்ட் பொருந்தாது. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஸ்கேனுக்கு ஏற்றும் சாய மருந்து பற்றியும் கேளுங்கள். மெடிசேவ் மருத்துவச் சேமிப்பும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் எவ்வளவு தாங்கும் என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆண்டுதோறும் வரும் ஸ்கேன் செலவையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்பா புகைப்பவர் என்றால் இன்றே நிறுத்தட்டும். திடீரென வயிற்றிலோ முதுகிலோ கடும் வலி வந்தால் டாக்சிக்குக் காத்திராமல் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள். இது குடும்பத்தில் வரக்கூடியது. அப்பாவுடன் பிறந்தவர்களுக்கும் வயிற்று அல்ட்ராசவுண்ட் தேவையா என்று அதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.