அமெரிக்க ராக் குழுவான லிங்கின் பார்க்கின் 'எ தவுசண்ட் சன்ஸ்' (ஆயிரம் சூரியன்கள்) ஆல்பத்தைச் சிலர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் குப்பை என்கிறார்கள். ஏன்?

நான் கொண்டாடும் கட்சி, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எதிர்க்கட்சியின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

'ஹைப்ரிட் தியரி' (2000), 'மெடியோரா' (2003) என்ற முதல் இரண்டு ஆல்பங்களையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் குழுவின் பாட்டு எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. பிராட் டெல்சனின் கனத்த கிட்டார், மைக் ஷினோடாவின் ராப், பிறகு செஸ்டர் பென்னிங்டன் தொண்டை கிழியப் பாடும் பல்லவி. மூன்று சொச்சம் நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். 2010 செப்டம்பரில் வந்த இந்த நான்காவது ஆல்பத்தில் அதைத் தேடினால் ஏமாற்றம்தான். கிட்டார் பின்வரிசைக்குப் போய்விட்டது. மின்னணு ஒலி எழுப்பும் சிந்தசைசரும் தாள வாத்தியங்களும் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டன. பதினைந்து தடங்களில் ஆறு முழுப் பாட்டே அல்ல, இடையில் வரும் ஒலித்துணுக்குகள். "கிட்டார் எங்கே?" என்று என் நண்பர்கள் அப்போது கேட்டதைக் குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது உண்மை. ஆனால் இதற்கு முந்தைய மூன்றாவது ஆல்பமான 'மினிட்ஸ் டு மிட்நைட்' அங்கே முதல் வாரத்தில் 6,23,000 பிரதிகள் விற்ற இடத்தில் இது 2,41,000தான். சிடி விற்பனையே சரிந்துகொண்டிருந்த காலம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கோபம் வரும் என்று குழுவுக்கே தெரிந்திருக்கிறது. 'வென் தே கம் ஃபார் மீ' பாட்டில் ஷினோடா, ஒன்று பலித்துவிட்டால் அடுத்ததும் அச்சு அசலாக அதுபோலவே வேண்டும் என்கிறார்கள் என்று ராப்பிலேயே குத்திக்காட்டுகிறார். போகிற போக்கில் முதல் ஆல்பத்தின் பெயரிலுள்ள 'தியரி' என்ற சொல்லையும் நுழைத்துவிடுகிறார். பழைய ரசிகர்களுக்கு யாரைச் சொல்கிறார் என்று உடனே புரிந்திருக்கும்.

எனக்கு இந்த ஆல்பம் பிடிபட்டது, பலரும் இட்டு நிரப்பியது என்று தள்ளுகிற அந்தத் துணுக்குகளால்தான். மையப்பொருள் அணுகுண்டு. 'தி ரேடியன்ஸ்' தடத்தில், அந்தக் குண்டை உருவாக்கிய விஞ்ஞானிகளுக்குத் தலைமை தாங்கிய ஓப்பன்ஹைமரே பேசுகிறார். ஆல்பத்தின் பெயரும் அவரோடு சேர்த்துப் பேசப்படும் கீதை வரியிலிருந்து வந்ததுதான். 'ஜோர்னாடா டெல் முயெர்டோ' என்ற தடம் ஒன்றரை நிமிடம்தான். அது நியூ மெக்சிகோவில் உள்ள ஒரு பாலைவனத்தின் பெயர். 1945 ஜூலை 16 அன்று முதல் அணுகுண்டை வெடித்துப் பார்த்த இடம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பெயரை வைத்த தடத்தில் கேட்கும் குரலோ ஜப்பானிய மொழியில் பாடுகிறது. விளக்கம் எதுவும் கிடையாது. தெரிந்தவருக்குச் சுருக்கென்று தைக்கும், தெரியாதவருக்கு அது வெறும் இடைவேளை.

அந்த ஜப்பானிய வரியின் பொருள், பதினான்காவது தடமான 'தி கேட்டலிஸ்ட்' பாட்டின் இறுதியில் ஆங்கிலத்தில் திரும்ப வருகிறது. அந்தப் பாட்டின் வேறு சில வரிகளை முதல் தடத்திலேயே இயந்திரம் போன்ற ஒரு குரல் பாடிவிடுகிறது. ஆகவே வரிசையாகக் கேட்டு வந்தவருக்கு அந்தப் பாட்டு பாதி தெரிந்ததாகவே வந்து சேரும். கலைத்துப்போட்டுக் கேட்டால் இந்த முடிச்சு எதுவும் தெரியாது. கருத்துகள் இத்தனை தூரம் பிரிந்ததற்குக் கேட்கும் முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எல்லாமே கச்சிதம் என்று சொல்ல மாட்டேன். மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சு மெல்ல மெல்ல இயந்திரக் குரலாக மாறும் இடம் எனக்கு மயிர்க்கூச்செறிய வைக்கிறது. 'ரெட்ச்சஸ் அண்ட் கிங்ஸ்' பாட்டில் வரும் மாணவர் தலைவர் மாரியோ சாவியோவின் 1964ஆம் ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழக உரையோ சுவரில் ஒட்டிய போஸ்டர் போலத் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கடைசிப் பாட்டான 'தி மெசஞ்சர்' பலருக்கு உயிர். அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அவ்வளவு ஓங்கிப் பாட வேண்டுமா என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் 'வெயிட்டிங் ஃபார் தி எண்ட்' பாட்டை முதலில் போட்டுப் பாருங்கள். அது பிடித்தால் முதல் தடத்துக்குப் போய் நாற்பத்தெட்டு நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். பிடிக்காவிட்டால் 'மெடியோரா' எங்கேயும் ஓடிப்போய்விடவில்லை.