டர்பன் பக்கத்து உப்புக்காற்றில் பிஸ்டலுக்கு எந்தப் பூச்சு தாங்கும்?

கேள்வி: டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு அவருடைய 9 மி.மீ. பிஸ்டலுக்கு என் பெயரில் உரிமம் எடுத்தேன். முழுக்க எஃகு. ப்ளூயிங் (எஃகின் மேலுள்ள கறுப்புப் படலம்) தேய்ந்து, மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடின் ஓரங்கள் வெளுத்துவிட்டன. இடுப்பில் படும் பக்கம் துருப்புள்ளி வேறு. புதிதாக எதைப் பூசலாம்? ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் போதுமா?

ஸ்ப்ரே பெயின்ட் வேண்டவே வேண்டாம். சுத்தம் செய்யும் கரைப்பான் பட்டாலே அது இளகி உரிந்துவிடும்.

கடற்கரை ஊர் என்பதால் காற்றைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். நான் முதலில் வேர்வையைச் சொல்வேன். தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையில் போட்டு, வெளியே தெரியாமல் மறைத்தே கொண்டுபோக வேண்டும். ஆக, ஜனவரிப் புழுக்கத்தில் நாள் முழுக்க அது சட்டைக்கடியில் உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. அந்த உப்பைத் தாங்குமா என்று பார்த்துத்தான் பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பழைய ப்ளூயிங்கையே திரும்பப் போடலாமே என்று தோன்றும். பார்க்க அதைவிட அழகு எதிலும் இல்லை. ஆனால் அது ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் காஸ்டிக் கரைசலில் முக்கி எடுக்கும்போது எஃகின் மேலேயே உண்டாகும் மெல்லிய கறுப்பு ஆக்சைடு. தானாகத் துருவைத் தடுக்கும் வலு அதற்குக் குறைவு. மேலே நிற்கும் எண்ணெய்தான் காப்பு. சட்டைத் துணி அந்த எண்ணெயைத் துடைத்துவிட்டால் கதை முடிந்தது. சூடாக்காமல் தேய்க்கும்படி புட்டியில் விற்கும் கோல்டு ப்ளூ சின்னக் கீறலை மறைக்க உதவும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். அலுமினிய ஃப்ரேம் உள்ள பிஸ்டல் வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதை அந்தச் சூடான காஸ்டிக் தொட்டியில் போட்டால் அலுமினியம் கரைய ஆரம்பித்துவிடும்.

ஹார்ட் குரோம் மிகக் கடினமானது, உறையில் எத்தனை முறை உரசினாலும் லேசில் தேயாது. அதனாலேயே பலரும் அதைத் துருவுக்கும் சிறந்தது என்று நம்புகிறார்கள். அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு, உப்புநீர் அதன் வழியே கீழே இறங்கும். மின்சாரம் இல்லாமல் ரசாயன முறையில் போடும் நிக்கல் முலாம், அதிலும் பாஸ்பரஸ் அதிகமுள்ள வகை, துருத் தடுப்பில் மேலானது. மூலைமுடுக்கெல்லாம் ஒரே தடிமனாகவும் படியும். வெள்ளி நிறம் பிடிக்குமென்றால் அதையே எடுங்கள்.

கறுப்புத்தான் வேண்டுமென்றால் என் தேர்வு செராகோட். பீங்கான் துகள் கலந்த பாலிமர் பூச்சு அது. அடுப்பில் சூடாக்கி உறையவைக்கும் வகையை ஏறத்தாழ 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைக்கிறார்கள். எஃகின் குணம் மாற அந்தச் சூடு போதாது, ஆனால் பிளாஸ்டிக் பிடிகளையும் இரவில் ஒளிரும் குறிகளையும் முன்பே கழற்றிவிட வேண்டும். உறை வாயில் உரசும் ஓரங்கள் காலப்போக்கில் தேயத்தான் செய்யும். அதனால் முதலில் மாங்கனீசு பாஸ்பேட் என்ற ரசாயன அடிப்பூச்சைப் போட்டு அதன்மேல் செராகோட் அடிக்க முடியுமா என்று கேளுங்கள். மேல்பூச்சு கீறினாலும் அடியில் இன்னொரு காப்பு இருக்கும்.

எந்தப் பூச்சானாலும் பாதி வேலை அதற்கு முன்னால்தான். எண்ணெய்ப் பிசுக்கும் துருவும் முழுக்கப் போக வேண்டும். செராகோட் என்றால், பிசுக்கை எடுத்த பிறகு மணல் வீச்சுப் போல அலுமினியம் ஆக்சைடு துகளை வீசித் தேய்க்க வேண்டும். துரு அரித்த குழிகளைப் பூச்சு மறைக்காது. செராகோட் ஒரு பக்கத்துக்குச் சுமார் 25 மைக்ரான் ஏறும். எனவே ஸ்லைடு ஓடும் தண்டவாளம், குழலின் உள்பக்கம், ஸ்பிரிங் ஆகியவற்றில் படக்கூடாது. பிடிக்கடியில், அதாவது வேர்வை ஒளிந்து நிற்கும் இடத்தில், கட்டாயம் படவேண்டும்.

தொடர் எண்ணை மறைத்துவைத்துவிட்டுத் துகள் வீசச் சொல்லுங்கள். அந்த எண் அழிந்தால் வம்பு உங்களுக்குத்தான், வேண்டுமென்றே அழிப்பது குற்றம். காரின் அலாய் சக்கரத்துக்குப் பவுடர் கோட்டிங் (தூளைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) போடும் கடைக்காரர் மலிவாகச் செய்கிறேன் என்பார். அந்தப் பூச்சு பிஸ்டலுக்கு மிகத் தடிமன். அதோடு, உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) மட்டுமே இந்த வேலையைக் கொடுக்க வேண்டும். போகும்போது உங்கள் உரிம அட்டையையும் எடுத்துப் போங்கள். தற்காப்பு உரிமம் என்றால் அது ஐந்தாண்டுதான், காலாவதிக்கு 90 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் தேதியையும் பார்த்துவிடுங்கள்.

திரும்பி வந்ததும் தோல் உறையில் போட்டுப் பெட்டகத்தில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். உறை தனி, பிஸ்டல் தனி, பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பை. இடுப்பில் செருகுமுன் சுடுதளத்துக்குப் போய் மேகசின் (தோட்டாக் கூடு) தடையில்லாமல் விழுகிறதா, சேஃப்டி சரியாக நகர்கிறதா, ஸ்லைடு முழுதாக மூடுகிறதா என்று சுட்டுப் பாருங்கள். எங்காவது இறுகினால் நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் கன்ஸ்மித்திடமே திருப்பிக் கொடுங்கள்.