பகடைமேல் பழியைப் போடாதீர்கள்

வணக்கம் மேடம்,

எனக்கு வயது 31, பெங்களூரில் ஐடி வேலை. இதையெல்லாம் ஒரு பிரச்சினை என்று எழுதுகிறானே என்று நீங்கள் நினைக்கலாம், ஆனால் கொஞ்ச நாளாகச் சரியான தூக்கம் இல்லை. கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் ஒரு வருஷத்துக்கு மேலாக ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஆளுக்கொரு கேரக்டரை உருவாக்கி, அந்த ஆளாகவே பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற விளையாட்டு. நான் டிஎம், அதாவது டஞ்சன் மாஸ்டர். கதையைச் சொல்வது, அரக்கர்களை ஆட்டுவிப்பது, விதியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் என் பொறுப்பு.

போன மாதம் ஒரு சண்டையில் என் நண்பனுடைய கேரக்டர் செத்துப்போனது. பாணன் என்று பேர், யாழ் வாசிக்கிறவன், நாலாம் லெவல். எதிரில் நோல் கூட்டம், கழுதைப்புலி முகமுள்ள அரக்கர்கள். ஒரு நோல் அடித்ததில் பாணனுக்கு ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க்கணக்கு, பூஜ்யமாகி மயங்கி விழுந்தான். நாங்கள் 2014 விதிப்புத்தகத்தை வைத்துத்தான் ஆடுகிறோம், அதில் நோலுக்கு ராம்பேஜ் என்று ஒன்று உண்டு, ஒருத்தனை வீழ்த்தினால் உடனே இன்னொரு கடி கடிக்கலாம். கடித்தது. மயங்கி விழுந்தவன் பிழைப்பானா என்று பார்க்க உருட்டுவது டெத் சேவ், மூன்று தோல்வி என்றால் சாவு. மயங்கிக் கிடப்பவனைப் பக்கத்திலிருந்து தாக்கினால் அது கிரிட்டிகல், அதாவது பலத்த அடி, இரண்டு டெத் சேவ் தோல்வியாகக் கணக்கு. அப்புறம் அவன் முறை வந்து உருட்டினான், 10 வேண்டும், 7 விழுந்தது. மூன்று தோல்வி, ஆள் காலி. இதில் நான் என்ன செய்தேன், சொல்லுங்கள்? நான் டிஎம் முன்னால் வைக்கிற மறைப்புக்குப் பின்னால் ஒளித்து உருட்டுகிற ஆளும் இல்லை, எல்லார் கண் முன்னாலும்தான் உருட்டுகிறேன்.

அவன் இதை மாற்றச் சொல்கிறான். பாணன் மயங்கித்தான் கிடந்தான், சாகவில்லை என்று வைத்துக்கொள்வோமாம். மற்றவர்களில் இரண்டு பேர் அவன் பக்கம், ஒருவர் என் பக்கம். கேரம்ல காயின் விழுந்த பிறகு எடுத்து வெளியே வைக்கச் சொல்வோமா? எங்கள் குழுவின் பூசாரி கேரக்டர், கிளெரிக், ஐந்தாம் லெவலை எட்டியிருந்தால் ரிவிவிஃபை என்கிற மந்திரம் போட்டு எழுப்பியிருக்கலாம், எட்டவில்லை, அதற்கும் நான்தான் பொறுப்பா? "இன்னும் கொஞ்ச நாள்தானே, அதுவரைக்கும் விடேன்டா" என்று வேறு கெஞ்சினான். கெஞ்சினால் விதி மாறுமா? எப்படியும் ஆகஸ்ட்டில் கனடா போகப்போகிறவன், அதைக்கூட என்னிடம் சொல்லவில்லை, அந்தச் சண்டைக்கு முந்தின வாரம் குரூப்பில் ஒருத்தி பேச்சுவாக்கில் சொல்லித்தான் எனக்கே தெரியும், அது கிடக்கட்டும், விதி எல்லாருக்கும் ஒன்றுதானே? சாவே கிடையாது என்றால் சண்டைக்கு என்ன அர்த்தம்? வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது யாரும் பேசுவதில்லை. நான் ஒளித்தும் உருட்டவில்லை, யாருக்கும் சலுகையும் காட்டவில்லை. நான் செய்தது சரிதானே? பேசாமல் ஆட்டத்தையே நிறுத்திவிடலாமா?

– எஸ்., பெங்களூர்

அன்புள்ள தம்பி,

நீங்கள் சொன்ன விதிகளைத் தேடிப் படித்துப் பார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. ஆனால் "கடித்தது" என்று ஒரே சொல்லில் தாண்டிப் போன இடத்தில் நான் நின்றுவிட்டேன். நோல் இன்னொரு முறை கடிக்கலாம் என்றுதான் விதி சொல்கிறது, நகர்ந்துபோய் வேறொருவரைக் கடிக்கவும் இடம் தருகிறது. கடித்தே ஆகவேண்டும் என்றுகூட இல்லை. மூன்று பேர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, விழுந்து கிடந்தவனைக் கடி என்று எந்தப் பகடை சொன்னது? அதை முடிவு செய்தது நீங்கள். நோலின் குணமே அதுதான் என்று நீங்கள் சொல்லலாம், நியாயமான பதில்தான், அப்படி ஆடுகிற டிஎம்கள் நிறையப் பேர் இருப்பார்கள். இருந்தாலும் கடைசியில் உருண்ட அந்த 7க்கு முன்னாலேயே பாதிக்கு மேல் முடிந்துவிட்டது, அதை உங்கள் நண்பன் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கோபம் விதிமேல் இல்லை தம்பி.

இப்போது "அது கிடக்கட்டும்" என்று நீங்கள் தள்ளிவைத்ததற்கு வருகிறேன், ஏனென்றால் அது கிடக்கவில்லை. ஆகஸ்ட்டில் அவன் போகிறான். உங்களிடம் சொல்லவில்லை. வேறொருத்தர் சொல்லிக் கேள்விப்படுகிறீர்கள், அடுத்த வாரமே அவன் கேரக்டர் உங்கள் மேஜையில் சாகிறது. நீங்கள் பழிவாங்கினீர்கள் என்று நான் சொல்லவே இல்லை. திட்டம் போட்டுச் செய்கிறவர் தூக்கத்தைத் தொலைத்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதமாட்டார். ஆனால் மனசில் அவ்வளவு பெரிய வருத்தத்தை வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மணிக்கணக்கில் அரக்கர்களை ஆட்டுவித்திருக்கிறீர்கள். வருத்தம் வெளியே வர ஒரு வழி தேடும், அன்றைக்கு அதற்கு நோலின் வாய் கிடைத்தது.

அவன் உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. ஆனால் "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று அவன் சொன்னானே, அதை நீங்கள் பேரம் என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. நேரடியாகச் சொல்ல வாய் வராத செய்தியை அவன் அப்படித்தான் சொல்லிப் பார்த்திருக்கிறான். போகிறவரைக்கும் பாணனாக உங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறான். விசா, டிக்கெட் சமாசாரத்தை ஆபீஸில் யாரிடமும் சொல்லிவிடலாம், வாரா வாரம் சேர்ந்து ஒரு கதையையே கட்டிக்கொண்டிருக்கிற நண்பனிடம் சொல்வதுதான் கஷ்டம், சொன்ன நிமிஷமே அந்தக் கதைக்குக் கடைசி தேதி வந்துவிடும். விஷயம் உங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியுமா? கடிதத்தில் இல்லை. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

கேரம் உதாரணம் இதற்குப் பொருந்தாது. காயினுக்கு யாரும் பேர் வைத்து, ஒரு வருஷம் அதன் குரலில் பேசுவதில்லை. விதியும் நீங்கள் சொல்கிற அளவுக்கு அசையாத ஒன்று இல்லை. 1974இல் இந்த விளையாட்டு வந்தபோது ஹிட் பாயிண்ட் தீர்ந்தால் ஆள் தீர்ந்தான், டெத் சேவ் எல்லாம் பின்னால் சேர்த்ததுதான். எவ்வளவு எளிதாகச் சாகலாம் என்பதை விளையாட்டை உருவாக்குகிறவர்களே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். உங்கள் ஐந்து பேருக்கு எது சரி என்பதைத் தொடங்கும் முன் எல்லாரும் கூடிப் பேசுகிற செஷன் ஜீரோவிலேயே பேசியிருக்கலாம், சரி, இப்போதும் பேசலாம். சாவுக்கு இடம் இருக்கட்டும் என்று நீங்கள் நினைப்பதில் தப்பில்லை. அதை மேஜை மொத்தமும் சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் முதலில் அவனைத் தனியாகப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பகடையும் வேண்டாம். பாணனைப் பற்றிய பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். "ஆகஸ்ட்ல போறியாமே, ஏன்டா எங்கிட்ட சொல்லல?" என்று கேளுங்கள். கோபமாகவே கேட்டாலும் பரவாயில்லை, இவ்வளவு நாள் விதிப்புத்தகத்தைக் காட்டிப் பேசியதற்கு அது எவ்வளவோ மேல். அந்தக் கடியை நீங்கள்தான் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அதை உங்கள் வாயால் கேட்கத்தான் அவன் இவ்வளவு வாதாடுகிறான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் பாணன். உங்கள் புத்தகத்திலேயே ரெய்ஸ் டெட் என்று ஒரு மந்திரம் இருக்கிறது, 500 பொற்காசு பெறுமான வைரம் வேண்டும், கதைக் கணக்கில் செத்துப் பத்து நாளைக்குள் செய்ய வேண்டும், உங்கள் கிளெரிக்கால் முடியாது, கதையில் ஒரு கோவில் பூசாரியைத் தேடிப் போகலாம். அதில் இன்னொரு நிபந்தனையும் உண்டு, போன உயிருக்குத் திரும்பி வரச் சம்மதம் இருக்க வேண்டும். ஆகவே அவனைக் கேளுங்கள். பாணன் போனது போனதாக இருக்கட்டும், புது கேரக்டரோடு வருகிறேன் என்று அவன் சொன்னாலும் சரிதான், முடிவு அவனுடையதாக இருக்கட்டும்.

ஆட்டத்தை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை ஆகஸ்ட்டுக்கு அப்புறம் யோசியுங்கள்.