ஓசி சின்த்தை ஓட்டுவது யார்? – கணினி இசை கேள்வி-பதில்

போன இதழில் சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசரை (கணினியிலேயே ஒலியை உருவாக்கும் மென்பொருள், சுருக்கமாக சின்த்) பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கும் அதைப் போன்ற ஓசி சின்த்துகளுக்கும்தான்.

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். சர்ஜை இறக்கினேன். காசும் கேட்கவில்லை, பதிவும் கேட்கவில்லை. இவ்வளவு டோனை யாராவது சும்மா கொடுப்பார்களா? எங்கேயோ உதைக்கிறதே!
– கீபோர்டு கலைஞர், நாகர்கோவில்

உதைக்கவில்லை ஐயா. இது ஒரு காலத்தில் காசுக்கு விற்ற சரக்குதான். கிளாஸ் யோஹான்சன் என்பவர் வெம்பர் ஆடியோ என்ற பெயரில் எழுதி விற்றது. பிறகு அவருடைய கவனம் பிட்விக் என்ற இசை மென்பொருள் நிறுவனத்தின் பக்கம் போய்விட்டது. 2018 செப்டம்பரில் மூல நிரலை ஜிபிஎல் 3 உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டார். தன்னார்வலர்கள் எடுத்து வளர்த்தார்கள். முகப்பை ஜூஸ் என்ற கட்டமைப்பில் புதிதாக எழுதி, 2022 ஜனவரியில் சர்ஜ் எக்ஸ்டி என வெளியிட்டார்கள்.

ஜிபிஎல் என்றால், வாசிக்கலாம், மாற்றலாம், ஏன், விற்கக்கூடச் செய்யலாம். மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால் அதன் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுத்தாக வேண்டும், அவ்வளவுதான். இதில் செய்த பாட்டு முழுக்க உங்களுடையது. அதற்கு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பொறியியல் மூன்றாம் ஆண்டு. சி ப்ளஸ் ப்ளஸ் தெரியும். ஒரு இலவச சின்த்தில் நான் சேர்க்கும்படியாகப் புது வசதி ஏதாவது சொல்லுங்களேன்.
– மாணவர், திண்டுக்கல்

வசதி சேர்க்க நிறையப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், தம்பி. ஆள் கிடைக்காத வேலை, பழைய டோன் கெடாமல் பார்த்துக்கொள்வது.

நான் கைகொடுக்கிற ஒரு சின்ன சின்த் திட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அதன் ஃபில்டரில் (ஒலியை வடிகட்டும் பகுதி) ஒரு கணக்குப் பிசகு. ரெசனன்ஸ் என்ற குமிழை ஏற்றினால் அளவுக்கு மீறி பேஸ் (தாழ்ந்த ஒலி) இளைத்துப்போகும். புதிதாக வந்த ஒரு மாணவி அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார். பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டாலும் குறை சொல்ல முடியாத திருத்தம். வெளியான சூட்டோடு ஒருவர் எழுதினார்: "என் பழைய பாட்டைத் திறந்தால் பேஸ் முன்னால் வந்து நின்று பாடகியை அமுக்குகிறது." அவர் அந்தப் பிசகை வைத்துத்தான் மிக்ஸ் பண்ணியிருந்தார்! கடைசியில் இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டோம். பேட்ச் (சேமித்து வைத்த டோன்) கோப்பில் எழுதியிருக்கும் பதிப்பு எண் பழையதென்றால் பழைய கணக்கு, இல்லையென்றால் புதியது. சர்ஜின் பேட்சுகளிலும் இப்படி ஒரு எண் உண்டு. திறக்கும்போதே அதைப் பார்த்துத்தான் நிரல் நடந்துகொள்ளும். ஆக, அந்தப் பிழையையும் நாங்கள் காலத்துக்கும் பராமரிக்க வேண்டும்.

அடுத்தது நேரம். 44,100 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 சாம்பிள், அதாவது ஒலி அளவீடு) பஃபர் 128 (ஒரு தடவைக்கு 128 சாம்பிள்) என்றால், அடுத்த துண்டு ஒலியைத் தயார் செய்ய உங்களுக்குக் கிடைப்பது 2.9 மில்லிசெகண்ட். சர்ஜ் உள்ளுக்குள் 32 சாம்பிள் கொண்ட சின்னச் சின்னத் துண்டுகளாகக் கணக்கிடுகிறது. அந்த இடத்தில் போய் புதிதாக நினைவகம் ஒதுக்குவது, கோப்பைத் திறப்பது, இன்னொரு த்ரெட் (நிரலுக்குள் கூடவே ஓடும் வேறொரு வேலை) பூட்டை விடட்டும் என்று காத்திருப்பது எதுவும் கூடாது. பத்து நிமிடம் ஒழுங்காக வாசிக்கும். பதினோராவது நிமிடம் மேடையில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும். கல்லூரி லேபில் இது தெரியவே தெரியாது.

சரி, எங்கே தொடங்குவது? சின்னப் பிழை ஒன்றை எடுங்கள். ஒரு புல் ரிக்வெஸ்டில் (திருத்தத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் விண்ணப்பம்) ஒரே விஷயம். கூடவே "கோடைக் கொஞ்சம் அழகாக்கினேன்" என்று சம்பந்தமில்லாத கோப்புகளைத் தொடாதீர்கள். அதைப் படித்துப் பார்க்கிறவர் ஆபீஸ் முடிந்து வந்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்கார்கிறவர்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு இதில் இடம் உண்டா?
– இசை ஆசிரியை, கும்பகோணம்

தாராளமாக உண்டு, டீச்சர். பிழையை ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த ஒருவர் அரைகுறை புரோகிராமர் நாலு பேருக்குச் சமம். "சத்தம் வரலை, சீக்கிரம் சரி பண்ணுங்க" என்று வரும் கடிதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போன மாதம் எங்களுக்கு வந்த ஒன்றைப் பாருங்கள்: "விண்டோஸ் 11, ரீப்பர், 48,000 ஹெர்ட்ஸ், பஃபர் 64. சஸ்டெய்ன் பெடலை மிதித்தபடி பேட்ச் மாற்றினால் பழைய ஸ்வரம் நிற்காமல் ஒலிக்கிறது. பஃபரை 256 ஆக்கினாலும் அதேதான். பெடலை விட்டுவிட்டு மாற்றினால் வரவில்லை." எழுதியவர் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கிறவர். அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றே போதும், எந்தப் பக்கம் தோண்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். அன்று ராத்திரியே தீர்ந்தது.

கையேட்டில் புரியாத பத்தியைத் திருத்தலாம். நல்ல பேட்சுகள் செய்து கொடுக்கலாம். இன்னொன்றும் உண்டு. சர்ஜ் எக்ஸ்டியை ஸ்க்ரீன் ரீடர் வைத்துக்கொண்டு, மவுஸைத் தொடாமலே இயக்கலாம். ஒரு பட்டனின் பெயரைச் சரியாக வாசிக்கிறதா, குழப்புகிறதா என்று பார்வையற்ற கலைஞர் ஒருவர்தான் அடித்துச் சொல்ல முடியும். உங்கள் மாணவர்களில் அப்படி யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.

விண்டோஸில் ஒரு இலவச சின்த்தை நிறுவப் போனால் 'அறியப்படாத வெளியீட்டாளர்' என்று பயமுறுத்துகிறது. வைரஸா?
– வாசகர், திருப்பூர்

பெரும்பாலும் இல்லை. திட்டத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்கினீர்களா என்று மட்டும் பாருங்கள். மென்பொருளில் டிஜிட்டல் கையெழுத்து போடச் சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்குக் காசு. ஆப்பிளிலும் கதை இதுதான், டெவலப்பர் கணக்குக்கு ஆண்டுக்கு 99 டாலர். ஓசியில் கொடுப்பவர் கைக்காசைப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது எரிச்சலான விஷயம், இன்னொரு நாள் விரிவாகத் திட்டுகிறேன்.

பிழை ஒன்றைத் தெரிவித்தேன். ஒரு மாதமாகப் பதிலே இல்லை. இப்படிப்பட்டவர்கள் எதற்குத் திட்டம் நடத்துகிறார்கள்? நாளைக்கு விட்டுவிட்டே போனால் என் பாட்டுகளின் கதி?
– வாசகர், கோயம்புத்தூர்

முதல் பாதிக்கு: உங்களுக்குச் சம்பளம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் யாராவது இந்தக் குரலில் கேட்டால் பதில் சொல்லத் தோன்றுமா? பணிவாக ஒருமுறை நினைவூட்டுங்கள், பிழை வருகிற புராஜெக்ட் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.

இரண்டாம் பாதி நியாயமான கேள்வி. ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற திறந்த நிரல் சின்த்தை ருமேனியாக்காரரான நாஸ்கா ஆக்டேவியன் பால் 2002 வாக்கில் வெளியிட்டார். அதிலிருந்து பிரிந்து வளர்ந்ததுதான் யோஷிமி. மூல சின்த்தும் சாகவில்லை, அதன் பராமரிப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். இப்போது இரண்டுமே இருக்கின்றன. கம்பெனி மூடிவிட்டால் காசு கொடுத்து வாங்கிய சின்த்துக்கு இந்த வழி கிடையாது. அப்படியும் என் யோசனை: பாட்டு முடிந்ததும் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாக எடுத்துத் தனியே வையுங்கள். எந்த சின்த்தையும் அவ்வளவு நம்ப வேண்டாம்.

கீபோர்டில் அந்தர காந்தாரம் தம்பூராவோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. சர்ஜில் வழி உண்டா?
– பாட்டு மாணவி, திருவையாறு

உங்கள் காது சரி. தம்பூராவில் தானாக எழும் காந்தாரம் ஸட்ஜத்தின் அதிர்வெண்ணைப் போல் 5/4 மடங்கு, அதாவது சுமார் 386 சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). கீபோர்டில் இருப்பது 400. சர்ஜ், ஸ்காலா கோப்புகளை (ஸ்வரங்களின் சுருதியைச் சொல்லும் பட்டியல்) படிக்கும். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடிலேயே எழுதலாம். முதலில் ஒரு விளக்க வரி, அடுத்து ஸ்வரங்களின் எண்ணிக்கை 12, பிறகு வரிக்கு ஒரு ஸ்வரம். காந்தாரத்துக்கு 5/4, பஞ்சமத்துக்கு 3/2, கடைசி வரி மேல் ஸட்ஜத்துக்கு 2/1. சென்டில் எழுதினால் புள்ளியை விட்டுவிடாதீர்கள். 386.3 என்றால் சென்ட், புள்ளி இல்லாமல் 386 என்றால் 386 மடங்கு என்று எடுத்துக்கொள்ளும்! கோப்பை இழுத்து சின்த்தின் மேல் போட்டால் முடிந்தது. ஒரு கட்டை சுருதியில் (ஸட்ஜம் 'சி'யில்) பாடினால் இதுவே போதும். ஐந்தரைக் கட்டை என்றால் ஸட்ஜம் கீபோர்டின் எந்தக் கட்டையில் என்று சொல்லும் மேப்பிங் கோப்பும் வேண்டும்.

கமகத்துக்கு இது உதவாது. அது பிட்ச் வீலில் உங்கள் கைவேலை. சர்ஜில் வீலின் எல்லையை மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று எனத் தனித்தனியாக வைக்கலாம். மேலே 2, கீழே 3 அரைஸ்வரம் என்று வைத்துத் தோடியில் ஆரம்பித்துப் பாருங்கள்.