இதயத் தசையைக் கணினியில் இயக்கிப் பார்ப்பது எதற்காக?

கேள்வி: என் தம்பிக்கு இதயச் சுவர் தடித்திருப்பது எக்கோ பரிசோதனையில் தெரியவந்தது. மயோசின் என்ற புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதாக மரபணுச் சோதனை கூறுகிறது. மயோசினைக் கணினியில் இயக்கிப் பார்க்கும் ஆய்வுகள் நடப்பதாகப் படித்தேன். அந்தப் புரதத்தின் வடிவம் ஏற்கெனவே தெரியும் என்றால், இயக்கிப் பார்ப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கும்?
– வாசகர், திருச்சி

பதில்: தாங்கள் விவரிப்பது ஹைப்பர்ட்ரோஃபிக் கார்டியோமையோபதி என்னும் நோயுடன் பொருந்துகிறது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். இதயத்தின் பீட்டா மயோசினில் 403ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக குளூட்டமின் என்ற வேறோர் அமினோ அமிலம் அமைந்திருப்பது இந்நோயுள்ள ஒரு குடும்பத்தில் 1990இல் கண்டறியப்பட்டது. அதன் பிறகு மயோசின் மரபணுவிலேயே நூற்றுக்கணக்கான மாற்றங்கள் பதிவாகியுள்ளன.

தசை சுருங்கும்போது, மயோசின் இழையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தலைகள், ஆக்டின் என்ற மற்றொரு புரதத்தின் இழையைப் பற்றி, துடுப்பு வலிப்பதுபோல ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நானோமீட்டர் வரை இழுத்துவிட்டுப் பிடியை விடுகின்றன. பிடி விடுவதற்கு, உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்று தலையில் வந்து ஒட்ட வேண்டும். இறந்த உடல் விறைத்துப்போவது, ஏடிபி தீர்ந்து இந்தப் பிடிகள் விடுபடாமல் நின்றுவிடுவதால்தான்.

மயோசின் தலையின் அணு வடிவம் 1993இல் வெளியானது. அது மகத்தான சாதனை. ஆயினும் அது அசையாத படம். நோயை உண்டாக்கும் மாற்றங்கள் பலவற்றில் அந்தப் படம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது, தலை எந்த நிலையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதே. ஓய்வில் இருக்கும் இதயத் தசையில் கணிசமான தலைகள் பின்னோக்கி மடங்கி, ஏடிபியை மிக மெதுவாகச் செலவிட்டபடி கிடக்கின்றன. சில மாற்றங்கள் இந்த மடிப்பைக் குலைத்துவிடுவதால், வேலை செய்யத் தயாராக நிற்கும் தலைகள் பெருகி, இதயம் தேவைக்கு மேல் சுருங்குகிறது, சரியாகத் தளரவும் மறுக்கிறது. ஒவ்வோர் அணுவின் மீதும் செயல்படும் விசைகளைக் கணக்கிட்டு, அடுத்த கணம் அது எங்கே நகரும் என்று தொடர்ந்து கண்டறியும் கணினி உருவகமே, இத்தகைய நிலைகளின் விகிதத்தை அணு அளவில் ஆராய இடம் தருகிறது.

இதற்கு நான் பெரிதும் மதிக்கும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. பிளெபிஸ்டாட்டின் என்ற வேதிப்பொருள் சில வகை மயோசின்களை வலுவாகவும், வேறு சிலவற்றை மிகக் குறைவாகவும் தடுக்கிறது. அது ஒட்டும் குழியோ, அப்பொருள் இல்லாத நிலையில் எடுக்கப்பட்ட படங்களில் மூடியே காணப்படுகிறது. ஆகவே படத்தை மட்டும் வைத்து இந்த வேறுபாட்டை விளக்க முடியவில்லை. 2023இல் வெளியான உருவக ஆய்வு ஒன்று, அந்தக் குழி தானாகவே திறந்து மூடுகிறது என்பதையும், வலுவாகத் தடுக்கப்படும் வகைகளில் அது அதிகமாகத் திறந்திருக்கிறது என்பதையும் காட்டியது. ஒரு வகை மயோசினை மட்டும் தொட்டு மற்றவற்றை விட்டுவிடும் மருந்துகளைத் தேடுவோருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள்.

இந்நோயின் ஒரு வகைக்கு அமெரிக்காவில் 2022இல் அனுமதி பெற்ற மவகாம்டென் கணினியில் பிறந்த மருந்து அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஏடிபி செலவாகும் வேகத்தைக் குறைக்கும் பொருள்களை ஆய்வகத்தில் சலித்தெடுத்தே அதைக் கண்டடைந்தார்கள். இதயத்தின் சுருங்கும் திறனையே அது குறைப்பதால், உட்கொள்வோருக்கு எக்கோ கண்காணிப்பு கட்டாயம் தேவை.

கேள்வி: ஒரு முழு இதயத் துடிப்பையும் அணு அணுவாகக் கணக்கிட முடியுமா?
– கல்லூரி மாணவி, கோவை

பதில்: இன்று முடியாது. இக்கணக்கில் ஓர் அடி என்பது வழக்கமாக 2 ஃபெம்டோ வினாடி (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது ஒரு மில்லி வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஒரேயொரு மில்லி வினாடியைக் கடக்கவே 50,000 கோடி அடிகள் வேண்டும். அதனால் அணு அளவிலான கணக்கிலிருந்தும் ஆய்வகச் சோதனையிலிருந்தும் பற்றும் வேகம், விடும் வேகம் ஆகியவற்றை எடுத்து, பெரிய அளவிலான மாதிரிகளுக்குள் செலுத்துகிறார்கள். இவ்வழியைத் திறந்தது 1957இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி வெளியிட்ட கணித மாதிரி. மயோசின் எந்தத் தூரத்தில் எவ்வளவு விரைவாகப் பற்றும், விடும் என்ற சில எண்களைக் கொண்டே, தசை சுருங்கும் வேகத்துக்கும் அது தரும் விசைக்கும் உள்ள தொடர்பை அவரால் விளக்க முடிந்தது.

கேள்வி: தென்னாசியர்களிடம் 25 மரபணு எழுத்துகள் விடுபட்டிருப்பதாகச் சொல்லப்படுவதும் இதே நோய்தானா?
– வாசகர், மதுரை

பதில்: தொடர்புடையது, ஆனால் அது மயோசினில் உள்ள மாற்றமன்று. மயோசினைக் கட்டுக்குள் வைக்கும் மயோசின் பிணைப்புப் புரதம் சி என்பதன் மரபணுவில் அந்த 25 எழுத்துகள் விடுபட்டுள்ளன. 2009இல் வெளியான ஆய்வு, தென்னாசிய மக்களில் சுமார் 4 விழுக்காட்டினரிடம் இது இருப்பதாகவும், இதய நோய் அபாயத்துடன் தொடர்புடையதாகவும் தெரிவித்தது. இதைச் சுமக்கும் அனைவருக்கும் நோய் வருவதில்லை. அருகிலுள்ள வேறு மாற்றங்களும் அபாயத்தைக் கூட்டலாம் என்று பின்னர் வந்த ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே சோதனை முடிவைப் பார்த்து அஞ்சாமல், இதயநோய் மருத்துவரிடம் சென்று எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி வாசகரும் அவருடைய பெற்றோரும், மற்ற உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும், தமக்கு எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது.