அப்பாவின் பழைய மெர்சிடிஸ் டபிள்யூ123 மாடல் காரில் ஏர்கோன் குளிரவில்லை. பழைய ஆர்12 கேஸுக்குப் பதில், அதற்குப் பின் வந்த ஆர்134ஏ கேஸ் அடித்தால் போதுமா?

போதாது. கோலாலம்பூரில், செந்தூல் பக்கம், நானும் உங்களைப் போல ஒரு டபிள்யூ123 வைத்திருக்கிறேன். "கேஸ் அடிச்சா சரியாயிடும்" என்ற பேச்சை நிறையக் கேட்டாயிற்று. ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமல் கேஸ் மட்டும் அடித்துவிடும் போர்மேனுக்கு அடுத்த மாதமும் உங்கள் காரைப் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

முதலில் பானெட்டைத் திறந்து, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் கிளட்சுக்கு நேராக அதைச் சுற்றியும் பானெட்டின் உள்பக்கத்திலும் பாருங்கள். கறுப்பாக எண்ணெய் தெறித்த கோடு இருந்தால், கம்ப்ரசர் தண்டைச் சுற்றியிருக்கும் ஷாஃப்ட் சீல் கசிகிறது. என் காரில் விரலை வைத்ததுமே பிசுபிசுத்தது, டார்ச்சுக்கு வேலையே இல்லை. போர்வை போட்டு வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கும் கார்களுக்கு வரும் வியாதி இது. கம்ப்ரசர் ஓடினால்தான் சீலுக்கு எண்ணெய் போகும். ஓட்டாவிட்டாலும் வாரம் ஒருமுறை எஞ்சினைப் போட்டு, பத்து நிமிடம் ஏர்கோனையும் ஓடவிடுங்கள்.

அங்கே காய்ந்திருந்தால் நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வொரு மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவச் சொல்லுங்கள். சாதாரண காற்றை ஏற்ற விடாதீர்கள், ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். காற்றைக் குளிர வைக்கும் ‘கூலிங் காயில்’ டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் சோப்பு அங்கே எட்டாது. தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் கேஸ் டிடெக்டரை வைத்துப் பார்ப்பதுதான் வழி. டேஷ்போர்டைப் பிரித்தால் பொருளைவிடக் கூலி அதிகம். சந்தேகத்துக்காகப் பிரிக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சரி, கேஸ் விஷயத்துக்கு வருவோம். ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, வளரும் நாடுகளும் 2010-க்குள் ஆர்12 போன்ற கேஸ்களை நிறுத்தியாக வேண்டியிருந்தது. ஆக, மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் ஆர்12-உடன் ஓடிய மினரல் எண்ணெய் ஆர்134ஏ-உடன் கலக்காது. கேஸ் சுற்றும், எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பி வராமல் வழியிலேயே தங்கிவிடும், கம்ப்ரசர் இறுகி நின்றுவிடும். பழைய எண்ணெயை வடித்து, லைனைக் கழுவி, எஸ்டர் எண்ணெய் ஊற்றச் சொல்லுங்கள். பிஏஜி என்ற இன்னொரு வகை எண்ணெய் வேண்டாம், அது ஈரத்தை வேகமாக இழுக்கும், உள்ளே மிஞ்சியிருக்கும் பழைய எச்சத்தோடும் ஒத்துப்போகாது. ஈரத்தை உறிஞ்சும் டிரையர், மூட்டுகளில் இருக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். அப்புறம் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்பை அரைமணி நேரத்துக்கு மேல் ஓடவிட்டு, நிறுத்தி, அழுத்த மீட்டரின் முள் நகராமல் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். கேஸை எடைபோட்டு ஏற்ற வேண்டும். பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம் போதும். "கொஞ்சம் கூடவே போடுங்க அண்ணே" என்று நாம் கேட்டால் அழுத்தம் ஏறும், குளிர் ஏறாது.

சில கடைகளில் "எண்ணெய் மாற்றவே வேண்டாம்" என்று புரோப்பேன் கலந்த கேஸைக் காட்டுவார்கள். குளிரும், உண்மைதான். தீயும் பிடிக்கும். கூலிங் காயில் கசிந்தால் அது கார் அறைக்குள் வரும். எனக்கு வேண்டாம்.

இதெல்லாம் ஒழுங்காகச் செய்தும் சிலருக்கு நெடுஞ்சாலையில் குளிர்கிறது, ஜாலான் ஈப்போ ஜாமில் நின்றால் வியர்க்கிறது. காரணம், ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர். ஆர்134ஏ-க்கு அங்கே அழுத்தம் கூடுதல், சூட்டை வெளியே தள்ளக் கூடுதல் இடம் வேண்டும். குழாயும் தகடுமாக இருக்கும் பழைய கண்டென்சர் அதற்குத் திணறும். அதைக் கழற்றிவிட்டு, பல மெல்லிய குழாய்களில் ஒரே நேரத்தில் கேஸ் ஓடும் பேரலல் ஃப்ளோ வகையைப் பொருத்துங்கள். காசைச் செலவழிப்பதென்றால் நான் இதற்குத்தான் செலவழிப்பேன். கழற்றும்போது ரேடியேட்டரின் முன்பக்கத்தையும் பாருங்கள், இரண்டுக்கும் இடையே வருடக்கணக்கான தூசி, செத்த பூச்சி, காய்ந்த இலை எல்லாம் கம்பளம் விரித்திருக்கும். முன்னால் உள்ள மின்விசிறி ஓடுகிறதா என்பதும் முக்கியம். மோட்டார் நன்றாக இருந்தும் பிரஷர் சுவிட்ச் போயிருந்தால் அது சுற்றாது. நம் ஊரில் 32 டிகிரி வெயிலில் உயர் அழுத்தம் 200 முதல் 225 பிஎஸ்ஐ-க்குள் நின்றால் சரி. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கையில் வென்ட்டில் 10 டிகிரி வந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

இதில் எதையும் தொடும் முன் ஒரு சின்னச் சோதனை. எஞ்சின் சூடாகும் வரை குளிர்ந்து, அப்புறம் வெதுவெதுப்பாகிறது என்றால் ஹீட்டருக்குப் போகும் சுடுநீர் ஹோஸை ஒரு கிளாம்ப் போட்டு அடைத்துப் பாருங்கள். காற்று உடனே குளிர்ந்தால் ஏர்கோனில் குறையே இல்லை, ஹீட்டர் வால்வு மூடவில்லை. மோனோவால்வு என்ற வகை ஹீட்டர் வால்வு உள்ள டபிள்யூ123-களில் அதன் உள்ளிருக்கும் ரப்பர் கிழிந்துபோவது சகஜம். அதைத் தனியாகவே மாற்றலாம்.